சுட்டபோது விட்டதைச் சுண்ணாம்பு எவ்வளவு திரும்ப எடுக்கும்?

கேள்வி கேட்டவர் ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையச் சாம்பல்) கல் போடும் சிறிய யூனிட் ஒன்றை நடத்துகிறார். அவருக்குச் சுண்ணாம்பு கொடுக்கும் வியாபாரி, "சுண்ணாம்பு காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும். சுடும்போது போனதெல்லாம் திரும்ப வந்துவிடும். அதைச் சொல்லியே உங்கள் கல்லை விற்கலாம்" என்றாராம். இது உண்மையா, ஆலைகளில் பயன்படுகிற சுண்ணாம்பு எல்லாமே இப்படித்தானா, எவ்வளவு இழுக்கும் என்று கேட்டிருக்கிறார்.

சுண்ணாம்பு கரியமில வாயுவை இழுக்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம். போனதெல்லாம் திரும்ப வரும் என்பதுதான் தவறு. சுண்ணாம்பு எந்த வேலைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் 90 சதவீதம் திரும்ப வரும், இன்னோரிடத்தில் ஒன்றுமே வராது. சுண்ணாம்புப் பாலோடும் (நீற்றுச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கிய கரைசல்) சூளை வாயுவோடும் 20 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் கல்லைப் பற்றிக் கடைசியில் வருகிறேன்.

வெற்றிலை போடுகிற பெரியவர்கள் இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது கண்ணால் பார்த்த விஷயம். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டால் மறுநாள் மேலே ஓர் ஏடு கட்டியிருக்கும். அதை விரலால் தள்ளிவிட்டு, அடியில் இருக்கிற ஈரச் சுண்ணாம்பை எடுத்துத் தடவுவார்கள். அந்த ஏட்டைத் தண்ணீர் விட்டு எவ்வளவு குழைத்தாலும் பழைய சுண்ணாம்பு வராது. நாக்கில் வைத்தால் காரமும் இருக்காது. காய்ந்ததால் வந்த மாற்றம் இல்லை அது. காற்றில் இருந்த கரியமில வாயுவைப் பிடித்துக்கொண்டு மறுபடி கல்லாகிவிட்டது. என் பாட்டி டப்பாவில் எப்போதும் சுண்ணாம்புக்கு மேல் கொஞ்சம் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்வார். காற்று நேராகப் படாமல் இருக்க அந்தத் தண்ணீர்தான் மூடி. ஆலையில் நடப்பதும் இந்த ஏடு கட்டுகிற வேலைதான். அளவும் வேகமும் மட்டும் வேறு.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிக் குழப்பம் இங்கேயே தீர்ந்துவிடும். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். கல்லின் உருவம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். கையில் எடுத்தால்தான் லேசாக இருப்பது தெரியும். அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பொரிந்து 18 கிலோ தண்ணீரை எடுத்துக்கொண்டு 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பாகும். இந்த 74 கிலோ, 44 கிலோ கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு, எடுத்த 18 கிலோ தண்ணீரை வெளியே விட்டுவிட்டு, மறுபடி 100 கிலோ கல்லாகும். 1750-களில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜோசப் பிளாக் தராசை நம்பியே இந்த விஷயத்தைக் கண்டுபிடித்தார். கல்லுக்குள் ஒரு காற்று கட்டுண்டு கிடக்கிறது, சுட்டால் அது போகிறது, போன எடை அந்தக் காற்றின் எடை என்று காட்டினார். நம் மூச்சில் வெளிவருவதும் அதே காற்றுதான் என்பதையும் சுண்ணாம்பு நீரை வைத்தே கண்டார். பள்ளிக்கூடத்தில் தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் குழாயால் ஊதிப் பால் போல ஆக்கினோமே, அதுதான்.

இந்தக் கணக்கிலிருந்து ஒன்று தெளிவாகத் தெரியும். சுண்ணாம்பு திரும்ப எடுக்கக்கூடிய உச்ச அளவு, அந்தக் கல்லிலிருந்து போன 44 கிலோதான். அதற்கு மேல் ஒரு கிராம்கூட எடுக்க வழியில்லை. சூளையில் எரித்த கரி, எண்ணெய், கேஸ் ஆகியவற்றிலிருந்து வந்த கரியமில வாயு தனிக் கணக்கு; அதை ஈடுகட்டச் சுண்ணாம்பில் இடமே கிடையாது. ஒரு டன் சுட்ட சுண்ணாம்புக்குக் கல்லிலிருந்து மட்டும் சுமார் 785 கிலோ போகிறது. எரிபொருளால், சூளை எந்த வகை என்பதைப் பொறுத்து, இன்னும் சில நூறு கிலோ சேரும். ஆக, எல்லாம் திரும்ப வந்துவிடும் என்ற பேச்சு, மிக நல்ல நிலையில்கூட, கல்லின் பங்கைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

அப்புறம், தண்ணீர். இது பலருக்குத் தெரிவதில்லை. சுட்ட சுண்ணாம்பை முழுக்க உலர்ந்த காற்றில், நம் ஊர்ச் சூட்டில் வைத்தால், கரியமில வாயுவை அது கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. இரண்டும் சந்திக்க இடையில் ஒரு மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். வாயு அந்த நீரில் கரைந்து கார்பனேட் ஆகிறது. சுண்ணாம்பும் அதே நீரில் கரைந்து கால்சியத்தைக் கொடுக்கிறது. இரண்டும் அங்கே சேர்ந்து கல்லாகப் படிகின்றன. சரி, தண்ணீர் நல்லது என்று சொட்டச் சொட்ட நனைத்துவிட்டால்? அப்போதும் நின்றுவிடும். காற்றில் நகர்வதைவிட நீருக்குள் இந்த வாயு சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் நகரும். துளைகளில் ஓரங்கள் ஈரமாகவும் நடுவே காற்று போக வழியாகவும் இருக்க வேண்டும். காற்றின் ஈரப்பதம் 50 முதல் 70 சதவீதம் வரை இருக்கும்போது வேலை நன்றாக நடப்பது இதனால்தான். பாட்டியின் டப்பாவில் மேலே நின்ற தண்ணீர் செய்ததும் இந்தத் தடுப்பு வேலையைத்தான்.

மூன்றாவது சங்கதி அந்த ஏடு. வெளியே கட்டுகிற ஏடே உள்ளே இருக்கிற சுண்ணாம்புக்கு மதில் ஆகிவிடுகிறது. நீற்றுச் சுண்ணாம்பு கல்லாக மாறும்போது பருமன் சுமார் 12 சதவீதம் கூடும். கூடின பருமன் துளைகளை அடைக்கிறது. அதனால்தான் எந்தச் சுண்ணாம்பு வேலையிலும் துகளின் பொடியும் கலக்குகிற விதமும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகின்றன.

என் அனுபவத்தில் ஒன்று. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆலையில், ஐப்பசி மழைக்கு முன்னால் நீற்றுச் சுண்ணாம்பு மூட்டைகளை மொத்தமாக வாங்கி அடுக்கினார்கள். சாதாரண பின்னல் சாக்கு, உள்ளே பாலித்தீன் உறை இல்லை. கிடங்குக்குக் கதவு ஒரு பக்கம்தான், மழைக்காற்று நேராக உள்ளே வரும். தை மாதம் மூட்டையைப் பிரித்தபோது பொடி பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கழிவுநீர்த் தொட்டியில் போட்டால் மட்டும் வழக்கமான அளவுக்கு வேலை செய்யவில்லை. வியாபாரி கலப்படம் செய்துவிட்டார் என்று சண்டைக்குக் கிளம்பினார்கள். மூத்த கெமிஸ்ட் ஒருவர், "முதலில் மூட்டையை நிறுங்கள்" என்றார். 25 கிலோ மூட்டை 27 கிலோ காட்டியது. வாங்கும்போது 90 சதவீதம் இருந்த செயல்படும் சுண்ணாம்பு 62-க்கு இறங்கியிருந்தது.

அந்தச் சோதனையை அவர் செய்து காட்டியதை இன்னும் மறக்கவில்லை. சுண்ணாம்புப் பொடியை நாம் குடிக்கிற காபிக்குப் போடுகிற அதே சர்க்கரையின் கரைசலில் போட்டுக் குலுக்கினார். சர்க்கரை, உயிருள்ள சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கல்லாகிப் போனதைத் தொடாது. பிறகு, காரத்தில் இளஞ்சிவப்பாகும் ஃபினால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு மறையும் வரை அமிலம் இறக்கினார். பிறகு அதே பொடியில் ஒரு சிட்டிகை எடுத்து நேராக அமிலம் விட்டார். நுரைத்துப் பொங்கியது. நல்ல நீற்றுச் சுண்ணாம்பு அப்படிப் பொங்காது. பொங்கியது எல்லாம் மூன்று மாத மழைக்காற்றிலிருந்து மூட்டை பிடித்த கரியமில வாயு. மூட்டை ஒன்றுக்கு 2 கிலோ எடை கூடியதும், வீரியம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். வியாபாரி மேல் தப்பே இல்லை. ஆக, சுண்ணாம்பு வாயுவை இழுப்பது எப்போதும் நமக்கு லாபமான காரியம் என்று நினைத்துவிடக் கூடாது. பல தொழில்களில் அது சரக்கு கெட்டுப்போவது.

இழுப்பதற்கென்றே சுண்ணாம்பைப் பயன்படுத்துகிற தொழிலைப் பார்க்க வேண்டுமானால் பி.சி.சி. ஆலைக்குத்தான் போக வேண்டும். வீழ்படிவுக் கால்சியம் கார்பனேட். பற்பசையில், பெயின்டில், பி.வி.சி. குழாயில், வெள்ளைத் தாளில் இருக்கும் அந்த மாவு போன்ற வெள்ளைப் பொடி. கல்லைச் சுட்டு, நீற்றி, மறுபடி கல்லாக்குகிறார்கள். "எதற்கு இந்தச் சுற்று? கல்லையே அரைத்தால் போதாதா?" என்று என்னிடம் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். அரைத்த கல்லுக்கு உடைந்த சில்லின் உருவம்தான் கிடைக்கும். நீரில் வளர்கிற படிகத்துக்கு நாம் வேண்டுகிற உருவமும் அளவும் கொடுக்கலாம். பாலின் சூட்டை ஒரு மாதிரி வைத்தால் கட்டையான படிகம், இன்னும் சூடாக விட்டால் ஊசி ஊசியாக. தாளுக்கு ஒன்று பிடிக்கும், பிளாஸ்டிக்குக்கு வேறொன்று.

செய்முறை பார்க்கச் சுலபம். சூளையிலிருந்து வரும் வாயுவைத் தண்ணீரில் கழுவித் தூசியும் கந்தகமும் எடுத்துவிட்டு, கம்ப்ரஸரால் தள்ளி, பெரிய தொட்டியில் நிற்கும் சுண்ணாம்புப் பாலின் அடியில் குமிழ்களாக விடுவார்கள். மேலே கலக்கி ஓடிக்கொண்டிருக்கும். நான், காரத்தன்மையைக் காட்டும் பி.எச். மீட்டருக்கு முன்னால் நின்ற மணி நேரங்களுக்குக் கணக்கே இல்லை. வாயுவைத் திறந்துவிட்டால் முள் 12-க்கு மேலேயே நிற்கும். பத்து நிமிடம், அரை மணி, ஒரு மணி நேரம், அசையாது. புதிதாக வந்த பையன்கள் மீட்டர் கெட்டுவிட்டது என்பார்கள். உள்ளே நடப்பது இதுதான்: சுண்ணாம்பு தண்ணீரில் லிட்டருக்கு இரண்டு கிராமுக்கும் குறைவாகத்தான் கரையும், பாலில் இருப்பதோ லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல். கரைந்ததை வாயு வந்து கல்லாக்க ஆக்க, கரையாமல் காத்திருந்த துகள் கரைந்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிறது. கையிருப்பு இருக்கிற வரை முள் இறங்காது. நடுவில் ஒரு கட்டத்தில் பால் கெட்டியாகிக் கஞ்சி போல ஆகும், கலக்கியின் மோட்டார் முனகும், பிறகு தானாக இளகிவிடும். கடைசியில் கையிருப்பு தீர்ந்த நொடியிலிருந்து முள் சரசரவென்று இறங்கி, சில நிமிடங்களில் 7-ஐத் தொட்டுவிடும். தொட்டியைத் தொட்டுப் பார்த்தால் நல்ல சூடு. சூளையில் கல்லைப் பிரிக்கக் கொடுத்த வெப்பத்தின் ஒரு பங்கு அங்கே திரும்ப வருகிறது.

வேலை முடிந்தது என்று வாயுவை மூடிவிட்டு வீட்டுக்குப் போனால், மறுநாள் காலையில் அதே தொட்டியில் பி.எச். 10, 11 என்று ஏறி நிற்கும். முதல் முறை பார்த்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியே ஏடு கட்டிய துகள்களின் நடுவில் கொஞ்சம் சுண்ணாம்பு உயிரோடு மாட்டிக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்க அது மெல்லக் கசிந்து வெளியே வந்திருக்கிறது. மறுபடி வாயு கொடுத்து முடிக்க வேண்டும். வெற்றிலை டப்பாவின் ஏடு, மைக்ரான் அளவில்.

சுண்ணாம்பு 90 சதவீதத்துக்கு மேல் கல்லாக மாறுகிற தொழில் இது. அப்படியும் இந்த ஆலையின் புகைபோக்கியில் கரியமில வாயு போய்க்கொண்டுதான் இருக்கும். சூளை விடுவது கல்லின் 44 பங்கும் எரிபொருளின் பங்கும் சேர்ந்தது. பால் வாங்கிக்கொள்ள முடிந்தது அந்த 44 மட்டும்தானே. சில நாடுகளில் பி.சி.சி. தொட்டியைக் காகித ஆலைக்கு உள்ளேயே வைத்து, அங்கே மரக்கழிவு எரிக்கும் கொதிகலனின் புகையிலிருந்து வாயு எடுக்கிறார்கள். மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன் தாளுக்குள் கல்லாக உட்கார்ந்துகொள்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

மற்ற ஆலைகளுக்கு வருவோம். இங்கே பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: வேலை முடிந்த பிறகு அந்தக் கால்சியம் எதோடு சேர்ந்து கிடக்கிறது?

இரும்பு உருக்கு ஆலை சுண்ணாம்பின் மிகப் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. அங்கே சுண்ணாம்பு, உருகிய இரும்பில் இருக்கும் சிலிக்காவையும் பாஸ்பரஸையும் பிடித்துக்கொண்டு கசடாக மிதக்கிறது. கால்சியத்தைச் சிலிக்கா பிடித்துவிட்டது. கரியமில வாயுவுக்கு உடனே இடமில்லை. கசடை வெளியே கொட்டி மழையும் வெயிலும் பட விட்டால் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல ஒரு பகுதி கல்லாகும். பொடித்து, ஈரமாக்கி, வாயு கொடுத்தால் அதைவிடக் கூடுதலாக, வேகமாக நடக்கும். சாயப்பட்டறை, ரசாயன ஆலைக் கழிவுநீரில் கந்தக அமிலத்தை முறிக்கப் போடுகிற சுண்ணாம்பு ஜிப்சம் ஆகிவிடும். அது முடிந்த கதை, திரும்ப ஒரு கிராம்கூட வராது.

சர்க்கரை ஆலையில் ஒரே சுண்ணாம்பு இரண்டு விதமாக முடிகிறது. ஐரோப்பாவில் பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகள் தங்களுக்கென்று சுண்ணாம்புச் சூளை வைத்திருக்கின்றன. சாற்றில் சுண்ணாம்புப் பால் விட்டு, பிறகு அதே சூளையின் வாயுவை உள்ளே செலுத்துகிறார்கள். படிகிற கார்பனேட், சாற்றின் அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கீழே போகிறது. கல்லிலிருந்து போனதில் பெரும்பகுதி அங்கேயே திரும்பிவிடுகிறது. நம் தமிழ்நாட்டுக் கரும்பு ஆலைகளில் பெரும்பாலும் கந்தகப் புகை முறை. சாற்றில் சுண்ணாம்பு விட்டுக் கந்தக டை ஆக்சைடு செலுத்துகிறார்கள். கால்சியம் சல்ஃபைட்டாகி, சாற்றை வடிகட்டும்போது பிரியும் சேற்றோடு போய்விடும். கரியமில வாயுவுக்கு அங்கே வேலையே இல்லை.

சோடா உப்பு ஆலையைப் பார்த்து நிறைய பேர் ஏமாறுகிறார்கள். உப்பு நீரையும் அம்மோனியாவையும் வைத்துச் சோடா உப்பு செய்யும் சால்வே முறையில் சூளை வாயு முழுக்க உப்பு நீர்க் கோபுரத்துக்குள் போகிறது; புகைபோக்கியில் அதிகம் வராது. அடடா, எல்லாம் பிடிபட்டது என்று தோன்றும். பிடித்தது சோடியம்; சுண்ணாம்பு அம்மோனியாவை மீட்டுக் கொடுத்துவிட்டுக் கால்சியம் குளோரைடாகக் கழிவில் போகிறது. அந்தச் சோடா உப்பு கண்ணாடி உலைக்குப் போய் உருகும்போது, பிடித்த வாயு அங்கே வெளியே வந்துவிடும். காகித ஆலையின் கார மீட்புப் பிரிவிலும் சுண்ணாம்பு கார்பனேட்டாக மாறும். அது சோடா நீரிலிருந்து எடுத்த கார்பனேட், அதாவது மரத்தின் கார்பன். அந்தச் சேற்றை மறுபடி சூளையில் சுட்டால் அது காற்றுக்கே திரும்பிவிடும்.

குடிநீரை மென்மையாக்கப் போடுகிற சுண்ணாம்பு முழுக்கக் கார்பனேட்டாகி அடியில் படியும். கட்டடக் காரை, சுத்தச் சுண்ணாம்பாக இருந்தால், மெல்லிய பூச்சுக்கு மாதக்கணக்கில், பருமனான சுவருக்கு வருடக்கணக்கில் எடுத்து, கடைசியில் 80, 90 சதவீதம் வரை எட்டும். சிமென்ட் கலந்த காரையில் அது வெகுவாகக் குறைந்துவிடும்.

அளவில் சிறியதானாலும் என்னை மிகவும் அசத்தியது ஆபரேஷன் தியேட்டர். மயக்க மருந்து கொடுக்கும் எந்திரத்தில் தெளிவான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் வெள்ளைக் குருணை இருக்கும். சோடா லைம். சுமார் 80 சதவீதம் நீற்றுச் சுண்ணாம்பு, 15 சதவீதம் தண்ணீர், கொஞ்சம் காஸ்டிக் சோடா. நோயாளி விடுகிற மூச்சு இந்தக் குருணை வழியாகப் போய், கரியமில வாயு நீங்கி, மயக்க மருந்தோடு மறுபடி அவருக்கே திரும்புகிறது. டப்பாவைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடு இருந்தால் சுண்ணாம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். குருணையில் கலந்த சாயம், காரம் தீரத் தீர வெள்ளையிலிருந்து ஊதாவாகும். ராத்திரி சும்மா விட்டால் ஊதா மறைந்து வெள்ளையாகத் தெரியும், ஆனால் தீர்ந்தது தீர்ந்ததுதான். உள்ளே மாட்டிய காரம் கொஞ்சம் வெளியே வந்து ஏமாற்றுகிறது. என் தொட்டியில் ராத்திரியில் பி.எச். ஏறியதே, அதே கதை. அந்த 15 சதவீதத் தண்ணீரும் அலங்காரத்துக்கு இல்லை. வாயுக்குழாயை மூடாமல் விட்டு வார இறுதியில் குருணை காய்ந்துபோனால், சில மயக்க மருந்துகளோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். சுண்ணாம்புக்குத் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்பதை உயிரோடு சம்பந்தப்பட்ட இடத்தில் பார்க்கிறோம். நீர்மூழ்கிக் கப்பலிலும், ஆப்பிளை மாதக்கணக்கில் காக்கும் காற்றடைப்புக் கிடங்குகளிலும் இதே வேலைக்குச் சுண்ணாம்பு இருக்கிறது.

இனி, காலநிலைக்காகவே செய்யப்படும் முயற்சிகள். அனல் மின் நிலையம், சிமென்ட் ஆலை ஆகியவற்றின் புகையைச் சுமார் 650 டிகிரியில் சுட்ட சுண்ணாம்புப் பொடி வழியாக விட்டால், அந்தச் சூட்டில் தண்ணீர் இல்லாமலேயே அது கரியமில வாயுவைப் பிடிக்கும். பிறகு 900 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் பிடித்ததைச் சுத்தமான வாயுவாக விட்டுவிடும். மறுபடி பிடிக்கும், மறுபடி விடும். ஸ்பெயினில் லா பெரெடாவிலும் தைவானிலும் இதற்குச் சோதனை நிலையங்கள் இயங்கின. சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு சுற்றிலும் துகள் சூட்டில் கொஞ்சம் இறுகி, துளைகளை இழக்கிறது. முதல் சுற்றில் நன்றாகப் பிடிக்கிற கல், நூற்றுக்கணக்கான சுற்றுக்குப் பிறகு தன் தகுதியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பிடிக்கும். பழையதை எடுத்துவிட்டுப் புதுக் கல் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சிமென்ட் ஆலையாக இருந்தால் எடுத்த பழையது அப்படியே மூலப்பொருளாகிவிடும். அதனால்தான் இந்த முறைக்குச் சிமென்ட் ஆலை பொருத்தமான இடம் என்று நான் நினைக்கிறேன்.

காற்றிலிருந்தே நேராகப் பிடிக்கும் ஆலையும் வந்துவிட்டது. கலிபோர்னியாவில் ட்ரேசி என்ற ஊரில் ஏர்லூம் நிறுவனம் 2023 நவம்பரில் திறந்தது, வருடத்துக்கு 1,000 டன் வரை பிடிக்கும் திறன். நீற்றுச் சுண்ணாம்பைத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, உயரமாக அடுக்கி, காற்றுபட வைக்கிறார்கள். மூன்று நாளில் பெரும்பகுதி கல்லாகிறது. அதை மின்சாரச் சூளையில் சுட்டு, வரும் வாயுவைப் பிடித்து, சுண்ணாம்பை மறுபடி தட்டில் பரப்புகிறார்கள். காற்றில் கரியமில வாயு வெறும் 0.04 சதவீதம்தான் என்பதால் ஒரு டன் பிடிக்கக் குறைந்தது 13 லட்சம் கன மீட்டர் காற்று அந்தத் தட்டுகளைத் தொட்டுப் போக வேண்டும். பாட்டி தண்ணீர் விட்டுத் தடுத்த ஏட்டை, இவர்கள் வேண்டுமென்றே தட்டு தட்டாகக் கட்ட வைக்கிறார்கள்.

இந்த ஏற்பாட்டில் மட்டும் சுண்ணாம்பு, காற்றில் விட்டதற்கு மேலேயும் எடுக்கிறது. காரணம், சூளை வாயிலேயே வாயுவைப் பிடித்துவிட்டார்கள். பெல்ஜியத்தில் லிக்ஸ் என்ற இடத்தில், கல்லைத் தீ தொடாமல் உலோகக் குழாய்க்குள் வைத்து வெளியிலிருந்து சூடாக்கும் சோதனைச் சூளை 2019-இலிருந்து இயங்கியிருக்கிறது. கல்லின் வாயு எரிபொருள் புகையோடு கலக்காமல் சுத்தமாகத் தனியே வரும். சுண்ணாம்புத் தொழிலின் கவனம் இந்த இடத்துக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கல்லின் வாயு சூளைக்குள் கெட்டியாக, ஒரே இடத்தில் இருக்கிறது. அதைக் காற்றில் விட்டுவிட்டு, பிறகு சுவர் சுவராகத் திரும்பி வரட்டும் என்று காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மொத்தத்தில் எவ்வளவு திரும்புகிறது? ஐரோப்பியச் சுண்ணாம்புத் தொழில் சங்கத்துக்காக மிலான் பாலிடெக்னிக் ஆராய்ச்சியாளர்கள் 2020-இல் கணக்கிட்டதில், எல்லாப் பயன்பாடுகளையும் சேர்த்து, கல்லிலிருந்து போனதில் சராசரியாக 33 சதவீதம் பயன்பாட்டின்போது திரும்பச் சேர்கிறது என்று வந்தது. தொழில் சங்கம் கேட்டுச் செய்த ஆய்வு என்றாலும், நான் கண்ட நடைமுறைக்கு இது பொருந்தித்தான் வருகிறது. உலகில் வருடத்துக்குச் சுமார் 43 கோடி டன் சுண்ணாம்பு உற்பத்தியாகிறது. கல்லிலிருந்து மட்டும் 30 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயு போகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்றில் ஒரு பங்கு என்பது சிறிய அளவே அல்ல. அதற்காக மீதி இரண்டு பங்கை மறந்துவிடவும் முடியாது.

இப்போது உங்கள் கல். ஃப்ளை ஆஷ் கல்லில் சுண்ணாம்பின் வேலை, சாம்பலில் இருக்கும் சிலிக்காவோடு சேர்ந்து கெட்டியாவது. வாரக்கணக்கில் நடக்கும் வேலை அது. அதற்கு முன்னாலேயே கரியமில வாயு சுண்ணாம்பைத் தின்றுவிட்டால் கல்லுக்குப் பலம் வராது. ஆகவே நீங்கள் ஆசைப்பட வேண்டியது இதற்கு நேர் எதிர்: மூட்டை உள்ளுறையோடு கட்டியிருக்க வேண்டும், மழைக்காலத்துக்குச் சேர்த்து வாங்கக் கூடாது, கல்லை நன்றாகத் தண்ணீர் விட்டு, மூடி வைத்துப் பதப்படுத்த வேண்டும். கெட்டியான பிறகும் பல வருடங்களில் மேற்பரப்பிலிருந்து மெல்லக் கொஞ்சம் வாயு சேரும். அதை ஒரு விற்பனைப் பேச்சாக்கும் அளவுக்கு நான் மதிக்க மாட்டேன். சூளையில் சுடாத கல், அனல் மின் நிலையச் சாம்பலால் ஆன கல் என்று சொல்லுங்கள். இரண்டும் நூற்றுக்கு நூறு உண்மை. அசிட்டிலீன் ஆலையிலிருந்து வரும் கார்பைடு சுண்ணாம்புச் சேறு கிடைத்து, சோதனையில் தரமும் சரியாக இருந்தால், அதைப் பயன்படுத்துங்கள். கழிவாகக் கிடந்த சுண்ணாம்பு என்று தைரியமாகச் சொல்லலாம், உங்களுக்காகப் புதிதாக ஒரு சுண்ணாம்புக் கல்லும் சுடப்படவில்லை.

உங்கள் கல் எவ்வளவு இழுத்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். மருந்து ரசாயனக் கடையில் ஃபினால்ஃப்தலீன் வாங்கி, 100 மில்லி ஸ்பிரிட்டுக்கு ஒரு கிராம் வீதம் கரைத்து, ஸ்பிரே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளுங்கள். 28 நாள் ஆன கல் ஒன்றை நடுவில் உடைத்து, தூசியை ஊதிவிட்டு, உடைந்த முகத்தில் உடனே அடியுங்கள். உள்ளே பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். ஓரத்தில் மட்டும் நிறமே ஏறாத ஒரு கரை தெரியும். அந்தக் கரைதான் வாயு எட்டிப் போன ஆழம். அளவுகோல் வைத்துத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து அதே தொகுதியிலிருந்து இன்னொரு கல்லை உடையுங்கள். ஆழம் நாளோடு நேராக வளராது: 3 மாதத்தில் 3 மில்லிமீட்டர் போயிருந்தால், 6 மில்லிமீட்டர் போக ஒரு வருடம் ஆகும், 12 மில்லிமீட்டருக்கு நான்கு வருடம். அடுத்த முறை வியாபாரி வரும்போது அந்த உடைந்த கல்லை அவர் முன்னால் வைத்து ஸ்பிரே அடித்துக் காட்டுங்கள்.